வெளுக்காத துணி

காய்ந்த துணியில் வெள்ளை ஏறிவிட்டதா என்று பார்க்க லிங்கசாமிக் கவுண்டர் ஒரு வழி வைத்திருந்தார். தோளில் கிடக்கும் துண்டின் முனையைத் துணியின்மேல் வைப்பார். துண்டு மங்கலாகத் தெரிந்தால் துணி தேறியது. துண்டு எடுப்பாகத் தெரிந்தால் துணி மறுபடியும் தொட்டிக்குப் போகும். மண்ணரையில் நொய்யல் கரையோரம் சலவைப் பட்டறை போட்ட நாளிலிருந்து இதுதான் சட்டம். பனியன் கம்பெனிக்காரர்கள் "கவுண்டர் பட்டறை வெள்ளை" என்று தனியாகச் சொல்வார்கள். அதைக் கேட்கும்போது அவர் சிரிக்க மாட்டார். மீசையை மட்டும் ஒரு தடவை தொட்டுக்கொள்வார்.

தினமும் காலையில் பட்டறையைச் சுற்றி வரும்போது ஒரு முழம் பனியன் துணியைத் தனியாக எடுத்துத் தொட்டிக்காரனிடம் கொடுப்பார்.

"இதை இன்னொரு முக்கு முக்கு."

பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் இன்னொரு தடவை முங்கி எழுந்து, பாறைமேல் கிடந்து, வைகாசி வெயிலில் அது சீக்கிரமே காய்ந்துவிடும். அதை அவர் யாரிடமும் கொடுத்தனுப்பியதில்லை. நான்காக மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு மத்தியானச் சோற்றுக்கு வரும்போது தானே கொண்டுவருவார். நேராக உள்ளறைக்குப் போய்ச் சன்னல் கட்டையின்மேல் வைப்பார். கட்டிலில் இருக்கும் மகள் எழுந்து நிற்பாள். "ம்" என்பார். திரும்பிவிடுவார்.

மகள் சாரதாமணியைக் குண்டடத்தில் கட்டிக் கொடுத்திருந்தது. கட்டிக் கொடுத்த மறு வருஷமே ரத்தபேதி பிடித்துக்கொண்டது. நாட்டு மருந்து, இங்கிலீஷ் மருந்து எதற்கும் நிற்கவில்லை. உடம்பு தறிக்கட்டை மாதிரி ஆனபிறகு மதராசுக்குக் கொண்டுபோனார்கள். பெருங்குடல் முழுக்கப் புண், எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார்கள். எடுத்தார்கள். சிறுகுடலின் நுனியை வயிற்றின் வலதுபக்கம் துளை போட்டு வெளியே கொண்டுவந்து தைத்தார்கள். இனி எல்லாம் அந்த வழிதான், ஆயுசுக்கும். அதற்குமேல் வளையம் வைத்த ரப்பர்ப் பை. பை நழுவாமல் இருக்க இடுப்பைச் சுற்றி வார்.

பையைக்கூடச் சமாளித்துவிடலாம். தோல்தான் பெரும்பாடு. சோற்றைக் கரைக்கிற நீர், பட்ட இடத்தில் தோலையும் கரைத்தது. விடியற்காலையில் பச்சைத்தண்ணீர் கூடக் குடிக்காமல், குடல் சும்மா இருக்கும் நேரமாகப் பார்த்துச் சாரதாமணி பையைக் கழற்றுவாள். சோப்புப் போடாமல் வெதுவெதுப்பான தண்ணீரில் சுற்றிலும் ஒற்றி எடுப்பாள். காற்றாட விடுவாள். வெள்ளைக் களிம்பைத் தடவி, அப்பா கொண்டுவந்த துணியில் பழைய வெள்ளி ரூபாயை வைத்து வட்டமாகக் கத்தரித்து, அந்த ஓட்டைக்குள் சிவந்த சதை மட்டும் தெரியும்படி துணியைப் படியவைத்து, அதன்மேல் பையைக் கட்டுவாள். ஓட்டை பெரிதாகிவிட்டால் தோலில் நீர் படும், சின்னதாகிவிட்டால் சதை அறுபடும். இத்தனையும் செய்தும் துணிக்கு அடியில் தோல் நெருப்புப் பட்டதுபோலக் கழன்றது. தோல் ஈரமாக இருந்தால் பை படியாது. படியாத பை எப்போது ஒழுகும் என்று யாருக்கும் தெரியாது.

ஊருக்கு இதெல்லாம் தெரியக் கூடாது என்பது கவுண்டரின் கட்டளை. "வவுத்துல ஒரு ஆப்பரேசன்" என்பதோடு பேச்சு முடிந்துவிட வேண்டும். மாப்பிள்ளை ஈஸ்வரமூர்த்தி மாதம் ஒருமுறை வாழைப்பழத் தாரோடு வருவார். சாரதாமணியின் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார். "நல்லாத் தேறட்டும், அப்பறங் கூட்டிக்கறோம்" என்று அவருடைய தாயார் சொல்லியனுப்பியிருந்தாள். எப்போது என்று கவுண்டர் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் கௌரவம் என்று அவர் நினைத்தார்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. வயிற்றிலிருந்த அந்த வாய்க்கு நேரங்காலம் தெரியாது. நாலுபேர் இருக்கும்போது திடீரென்று சத்தம் போடும். சாரதாமணி சட்டென்று உள்ளங்கையை அதன்மேல் வைத்து அமுக்குவாள். அதே நேரத்தில் கவுண்டர் பெரிதாக இருமுவார். அந்த வீட்டில் கவுண்டர் இருமினால் சளி என்று யாரும் நினைப்பதில்லை.

மகன் கிட்டுசாமிக்குக் கணியூரில் பெண் பேசி முடித்திருந்தது. கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது கவுண்டரின் தங்கை மயிலாள் ஒரு தூக்குப்போசியோடு வந்து இறங்கினாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம். சாரதாமணியின் தட்டைப் பார்த்துவிட்டு மயிலாள் முகவாயில் கை வைத்தாள்.

"ஏனம்மிணி, இதென்ன சோறா, கூழா?"

"கொழைய வெச்ச சோறுங்கத்தை."

"அதுல இத்தனை உப்பா! ஊறுகா போடறயா, சோறு உங்கறயா?"

"தண்ணியும் உப்பும் எனக்கு ஒடம்புல தங்கறதில்லீங்க. வந்த வேகத்துல எறங்கீருது. உப்புப் போட்டு மோருங் கஞ்சியும் குடிச்சுட்டே இருக்கோணும். இல்லாட்டிக் கெண்டைக்காலு இழுத்துக்குது."

"அதெல்லாங் கெடக்கட்டும். இந்தா, கடலையுருண்டை. உனக்குன்னே நெய் ஊத்திப் புடிச்சேன்."

"கடலை ஆவாதுங்கத்தை. தேங்கா, கீரை, கொள்ளு, சோளம் ஒண்ணும் ஆவாது. போய் அந்த எடத்துல அடைச்சுக்கும். மாசியில ரண்டு வாய் தட்டப்பயிறு தின்னுட்டு நாம் பட்ட பாடு அம்மாளுக்குத்தான் தெரியும்."

"அப்ப என்னதான் ஆவும் உனக்கு?"

"கொழைஞ்ச சோறு, தயிரு, உருளக்கெழங்கு, பாசிப்பருப்பு, நல்லாப் பழுத்த வாழப்பழம். எதுன்னாலும் கூழாப் போறவரைக்கும் மெல்லோணும்."

"கெழவியாட்டவா?"

"கெழவிக்குப் பல்லில்லீங். எனக்குக் கொடலில்லீங்."

அடுப்படியில் இருந்த தாய் பழனாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மயிலாளுக்கும் வந்தது. கவுண்டருக்கு வரவில்லை. பட்டறையும் தோட்டமும் இருக்கிற வீட்டில் பெற்ற பெண் உப்புப் போட்ட கஞ்சி குடிக்கிறாள். நாளைக்கு நாலுபேர் என்ன சொல்வார்கள், கவுண்டர் வீட்டில் மகளுக்குக் கறிகாய் கூடப் போடுவதில்லை என்பார்களே. அவர் இதை எண்ணிக்கொண்டிருக்கும்போதே சாரதாமணியின் வயிற்றிலிருந்து நீளமாக ஒரு சத்தம் எழுந்தது. அவள் கை இடுப்புக்குப் போயிற்று. கவுண்டர் இருமினார். மயிலாள் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தட்டைப் பார்த்தாள்.

சோறுண்டு முடித்து வாசலுக்கு வந்தவரை மயிலாள் பின்னாலேயே வந்து பிடித்தாள்.

"அண்ணா, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"இணைச்சீரு ஆரு செய்யறது?"

மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் செய்கிற சீர் அது. தலையில் மூங்கில் பேழையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் நிற்க, அவள் தோளில் கிடக்கும் சேலையின் மறுமுனையை மாப்பிள்ளை பிடித்திருப்பான். கல்யாணச் சடங்குகளைச் செய்துவைக்கும் அருமைக்காரர் சீரை நடத்தி முடிக்கும்வரை அவள் நகரக் கூடாது. அது முடிந்த பிறகுதான் தாலி.

"சாரதாமணி இருக்கறப்ப வேற ஆரு?"

"இருக்கறாண்ணா. ரண்டு கையும் மேல போயிரும். சத்தம் வந்தா எந்தக் கையில அமுக்குவா? அது ஒழுகிப்போச்சுன்னா? கணியூர்க்காரங்க அத்தனை பேரும் முன்னால உக்காந்திருப்பாங்க. குண்டடத்துச் சம்பந்தியும் வருவாங்க. வெள்ளியங்கிரியண்ணன் புள்ளை கண்ணம்மாளும் தங்கச்சி மொறைதான். அவ செய்யட்டும். ஆரு கேட்டாலும் இவளுக்குக் காச்சல்னு சொல்லிக்கலாம்."

கவுண்டர் வாசல் வேம்பைப் பார்த்தபடி நின்றார். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அப்போதுதான் கிளம்பியிருந்தது. அன்று சாயங்காலமே பெரியவர் வெள்ளியங்கிரி வீட்டுக்குப் போய்ச் சொல்லைக் கொடுத்துவிட்டு வந்தார்.

ராத்திரி சாப்பாட்டில் அதைச் சொன்னபோது கிட்டுசாமி கையை உதறிக்கொண்டு எழுந்தான்.

"கூடப்பொறந்தவ ஊட்டுக்குள்ள இருக்கறப்ப எனக்கு எதுக்குங்கப்பா இன்னொருத்தி?"

"நாஞ் சொல்லியாச்சு."

"அவளை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"சொல்லியாச்சுன்னேன்."

சாரதாமணி கதவோரம் நின்றிருந்தாள். "செரிங்கப்பா" என்றாள். அவ்வளவுதான். மறுநாள் மத்தியானமும் அவர் துணியைக் கொண்டுவந்து சன்னல் கட்டைமேல் வைத்தார். அவளும் எழுந்து நின்றாள்.

அந்த வாரம் சம்பந்தி வீட்டுக் காரியமாகக் கணியூர் போனவர் மழையில் மாட்டிக்கொண்டு நாலைந்து நாள் கழித்துத்தான் திரும்பினார். காரை நிறுத்திவிட்டுக் கை கால் கழுவக் கொல்லைப்பக்கம் போனவர் கொடியைப் பார்த்து நின்றுவிட்டார். பழுப்பும் மஞ்சளுமாக, பருத்திக்கொட்டைத் தூசு புள்ளி புள்ளியாகத் தெரிய, வரிசையாகத் துணித்துண்டுகள். ஒவ்வொன்றின் நடுவிலும் வெள்ளி ரூபாய் அளவுக்கு ஓட்டை.

"பழனாயி!"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"என்ன கந்தல் இது?"

"கந்தலில்லீங்க. மிசின்ல இருந்து எறங்குன கோராத் துணி. கிட்டு பனியன் கம்பெனியில இருந்து எடுத்தாந்தான்."

"திருப்பூரே என்ற பட்டறை வெள்ளையைப் போட்டுட்டுத் திரியுது. என்ற புள்ளைக்கு வெளுக்காத துணியா? கெணத்துக்கு வர்றவ பாத்தா என்ன நெனைப்பா?"

"மெதுவாப் பேசுங்க."

"நாங் கொண்டாந்து வெக்கறதுக்கு என்ன கேடு?"

பழனாயி அவரை எதிர்த்துப் பேசியவள் இல்லை. அன்று கொடியிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக உருவித் தோளில் போட்டுக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"கேடு என்னன்னு எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சது ஒண்ணுதான். நீங்க ஊட்டுல இருந்தா அவளுக்குப் புண்ணு. நீங்க வெளியூரு போனா ஆறுது. தையில பொண்ணுப் பாக்கப் போனப்ப உங்க துணி தீந்துபோயி இதை மூணு தண்ணி கொதிக்கவெச்சு அலசி வெச்சோம். தோலு காஞ்சுது. நீங்க வந்து வெள்ளையைக் குடுத்தீங்க, மறுபடியும் கழண்டுபோச்சு. பங்குனியிலயும் அப்பிடித்தான். இப்ப நாலு நாளா பை அசையாம நிக்குது. வேணும்னா வந்து பாருங்க."

"தெரிஞ்சுமா அதை வெச்சா?"

"நாஞ் சொன்னாக் கேக்கோணுமே! அப்பா குடுத்ததைத்தான் வெப்பேன்னு நிக்கறா."

கவுண்டர் உள்ளறைக்குப் போனார். சாரதாமணி எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"அம்மா சொல்றதை விடுங்கப்பா. அது வேர்வையில வர்றதுங்க. வெயிலுக் காலம் முடிஞ்சாச் செரியாப் போயிரும்."

"எரிஞ்சுதா?"

அவள் சேலைத் தலைப்பை இழுத்து வலது இடுப்பை மறைத்துக்கொண்டாள்.

"எரியறதை எதுக்கு வெச்சுட்டே?"

"நீங்க வேற எதுக்கும் இந்த அறைக்குள்ள வர்றதில்லீங்களே, அப்பா."

கவுண்டர் அங்கே நிற்காமல் பட்டறைக்குப் போனார். போகும்போது தான் கடைசியாகக் கொண்டுவந்த வெள்ளைத் துணியைச் சன்னல் கட்டையிலிருந்து எடுத்துக்கொண்டார். துணிக் கிடங்கின் மறைவில் நின்று அதை நனைத்து மடித்து, வயிற்றின் வலதுபக்கம் வைத்து, அரைஞாண் கயிற்றுக்குள் சொருகி, மேலே வேட்டியை இறுக்கிக் கட்டினார். அப்படியே வேலை பார்த்தார். லோடு ஏற்றினார், கணக்கப்பிள்ளையிடம் சத்தம் போட்டார், பாறைமேல் துணி விரிப்பவர்களின் பின்னால் வெயிலில் நடந்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பொழுது சாய்வதற்குள் வேர்வையும் ஈரமும் சேர்ந்து அந்த இடம் அரித்தது. பிறகு எரிந்தது. வேட்டியைத் தளர்த்தித் துணியை எடுத்தபோது மடித்த அளவுக்குச் சதுரமாகத் தோல் சிவந்து கிடந்தது. வேர்வையில் ஊறிப் பழகிய தோல் அது, புண் இல்லாத முரட்டுத் தோல். அதுவே இப்படி.

துணியை மூக்கருகே கொண்டுபோனார். ஒரு வாசமும் வரவில்லை. தொட்டித் தண்ணீரின் காரமான வீச்சம் அவர் மூக்குக்கு எப்போதோ தெரியாமல் போயிருந்தது. மற்றத் துணியெல்லாம் ஆற்றில் அலசி, நீலத்தில் போட்டு, மறுபடி அலசிய பிறகுதான் கம்பெனிக்குப் போகும். மகளுடைய துணி மட்டும் இன்னும் ஒரு முக்கு கூடுதலாக முங்கி நேராகப் பாறைக்குப் போயிருந்தது. அவர்தான் அப்படிச் சொல்லியிருந்தார்.

மறுநாள் மத்தியானம் அவர் இடுப்பில் சொருகி வந்த துணி பழுப்பாக இருந்தது. கிணற்றுத் தண்ணீரில் அவரே அலசியது. சன்னல் கட்டைமேல் வைத்துவிட்டுத் திரும்பாமல், மாப்பிள்ளைக்குப் போடும் நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சாரதாமணி நின்றுகொண்டே இருந்தாள்.

"உக்காரு கண்ணு."

உட்கார்ந்தாள்.

"அருமைக்காரர் சீரை முடிக்கறவரைக்கும் உன்னால நிக்க முடியுமா?"

"எந்தச் சீருங்கப்பா?"

"உங்கண்ணனுக்கு எத்தனை சீரு? இணைச்சீருதான்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "மொத நா பொழுதோட சோத்தைக் கொறைச்சுக்கிட்டு, காத்தால ரண்டு வாழப்பழமுந் தயிர்ச் சோறும் மட்டும் தின்னாக் கொடலு கொஞ்சம் மந்தமா இருக்குங்க" என்றாள். "பட்டினியாத்தான் இருக்கக் கூடாது. வெறும் வவுறுன்னா அது நெம்பச் சத்தம் போடும்."

"சீருக்கு நிக்கறவ உங்கக் கூடாதுன்னு உங்க அத்தை சொல்லுவா."

"சொல்லுவாங்க."

"சொல்லட்டும். நீ தின்னு."

அண்ணன் வெள்ளியங்கிரி வீட்டுக்குப் போவதுதான் அவருக்கு மலையாக இருந்தது. பெரியவர் முழுக்கக் கேட்கவில்லை.

"சொன்ன சொல்லை மாத்தறயா லிங்கசாமி? நீயா?"

"ஆமாங்ணா. மாத்தறேன்."

"என்ற புள்ளை சீருச்சேலை எடுத்து, ரவிக்கை தெச்சு, ஒறம்பரைச் சனத்துக்கெல்லாஞ் சொல்லீட்டா. அவ மொகத்துல நான் எப்பிடி முழிப்பேன்?"

"தப்பு என்றதுதானுங்ணா."

"உனக்கு இனி ஒரு நாக்கில்லை, ரண்டு நாக்கு, போ."

அந்த வார்த்தையை வேறு யார் சொல்லியிருந்தாலும் கவுண்டர் சும்மா வந்திருக்க மாட்டார். துண்டை இடுப்பில் கட்டியபடி நின்று கேட்டுவிட்டு வந்தார். பெரியவர் கல்யாணத்துக்கு வந்தார். தம்பியோடு மட்டும் பேசவில்லை.

முகூர்த்தம் காலையில். தென்னங்கீற்றுப் பந்தலுக்குள் காற்று ஆளைத் தள்ளியது. சாரதாமணி மஞ்சள் சேலை கட்டியிருந்தாள். அடியில் பை அசையாமலிருக்கக் கோராத் துணியில் அகலப் பட்டையாகத் தைத்து இடுப்பைச் சுற்றியிருந்தாள். தலையில் பேழை ஏறியது. இரண்டு கையும் மேலே போயிற்று. கிட்டுசாமி சேலை முனையைப் பிடித்துக்கொண்டு ஓரக்கண்ணால் அவளையே பார்த்தான்.

அருமைக்காரர் கையைக் காட்ட மேளம் நின்றது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கப்போன அந்த நொடியில்தான் அது வந்தது. முதலில் கொப்பளிக்கிற மாதிரி. பிறகு நீளமாக, தாராளமாக.

முன்வரிசையில் கணியூர்ப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். குண்டடத்துச் சம்பந்தியம்மாள் மகனைப் பார்த்தாள். மயிலாள் அண்ணனைப் பார்த்தாள், சீக்கிரம் என்பதுபோல. பேழைக்குக் கீழே சாரதாமணியும் அவரைத்தான் பார்த்தாள். அவள் கைகள் இறங்கவில்லை.

கவுண்டருக்குத் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அவர் இருமவில்லை.

சத்தம் தானாக ஓய்ந்தது. பந்தலில் கீற்றுகள் படபடத்தன. "சொல்லுங்க மாமா" என்றார் கவுண்டர் அருமைக்காரரிடம். சீர் நடந்தது.

தாலி கட்டி முடிந்து முதல் பந்தியில் சம்பந்திகளோடு உட்கார்ந்தபோது கவுண்டர் தன் பக்கத்து இலையில் மகளை உட்காரச் சொன்னார். கொள்ளுப்பருப்பு வந்தது. சாரதாமணி இலைமேல் கையை மறித்தாள்.

"ஏம் புள்ளை, எங்களோட உக்காந்து ஒரு வாய் உங்க மாட்டியா?" என்றார் கணியூர்ச் சம்பந்தி சிரித்துக்கொண்டே. "ஒடம்புக்கு என்னங்க சம்பந்தி அம்மிணிக்கு?"

கவுண்டர் கையிலிருந்த அப்பளத்தை இலையில் வைத்தார்.

"பெருங்கொடலை எடுத்தாச்சுங்க. வவுத்துல தொளை போட்டுப் பை கட்டியிருக்குது. அப்ப சத்தம் கேட்டுதுங்களே, அதுதான். புள்ளைக்குன்னு தனியாத்தான் ஆக்கோணும்."

பந்தியில் யாரும் மெல்லவில்லை. மேலே பேச வேண்டாம் என்று பழனாயி கண்ணைக் காட்டினாள். அவர் பேசினார்.

"பையைச் சுத்தி வெக்கறது வெளுக்காத துணிங்க. என்ற பட்டறை வெள்ளை அதுக்கு ஆவாது. புண்ணாக்கிப் போட்டுது."

கணியூர்ச் சம்பந்தி தண்ணீர்ச் சொம்பை எடுத்து ஒரு மடக்குக் குடித்தார். குண்டடத்துச் சம்பந்தியம்மாள் பாதி உண்ட இலையை மடித்துவிட்டு எழுந்து கை கழுவப் போனாள். ஈஸ்வரமூர்த்தி அம்மா போன பக்கம் பார்த்தார். எழப்போகிறவர் மாதிரிக் காலை மாற்றி மடக்கினார். பிறகு குனிந்து இலையிலிருந்த சோற்றைப் பிசையத் தொடங்கினார்.

குழைந்த சோறும் தயிரும் ஒரு கிண்ணத்தில் வந்தன. பரிமாறுகிறவன் டம்ளரில் மோர் ஊற்றிவிட்டு நகர்ந்தான். கவுண்டர் ஒரு விரலைத் தொட்டு அந்த மோரை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"டேய், இங்க வா" என்றார் சத்தமாக. "உப்புக் கொண்டா."

அவன் ஒரு சிட்டிகை போட்டான்.

"பத்தாது. போடு. இன்னும் போடு."